ரின்ஸ்கே கிழங்கும் ஒரு அரைச் சுற்றும்

ரின்ஸ்கே என்ற உருளைக்கிழங்கு வகைக்காகத் தயாரான விவரத்தாளில் ஒரு கட்டத்தைத் தவிர எல்லாம் நிரம்பியிருந்தன. செடி நிமிர்ந்து வளரும். பூ வெள்ளை, அதுவும் சிக்கனமாக. கிழங்கு நீள்வட்டம், தோல் வழவழப்பு, சதை வெளிர்மஞ்சள், கண்கள் ஆழம். கருகல் நோயைத் தாங்கும். சொறி அண்டாது. மகசூல் மிக நன்று. உறக்கம் நீண்டது, முளைக்க அவசரப்படாது. இத்தனையும் மணிமணியான கையெழுத்தில் எழுதியவர், அந்தக் கிழங்கை உண்டாக்கிய ஊபலே. ‘மேசையில் காணும் குறை’ என்ற கட்டத்தை மட்டும் இரண்டு வருடமாகத் தொடாமல் வைத்திருந்தார்.

வறுத்துப் பொட்டலம் கட்டவோ கஞ்சிமாவு எடுக்கவோ உண்டான கிழங்கு அல்ல அது. அவித்துத் தட்டில் வைத்துத் தின்னவே பிறந்தது. அப்படிப்பட்ட கிழங்குக்கு அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அது வகைப் பட்டியலில் ஏறாது. பட்டியலில் ஏறாத கிழங்கை எந்த விவசாயியும் விதைக்கு வாங்க முடியாது. இது ஊபலேக்கும் தெரியும். ஆனால் அவருடைய சங்கடம் நியாயமானது. ரின்ஸ்கே என்பது அவர் மனைவியின் பெயர். இறந்துபோன மனைவியின் பெயர். அவளிடம் என்ன குறை என்று ஊரார் பார்க்க எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால், எந்த மனிதர்தான் பேனாவைத் தொடுவார்?

எங்கள் ஃப்ரீஸ்லாந்தில், கடலணைக்கு அடியில் ஒட்டிக் கிடக்கும் களிமண் பூமியில், ஆண்களுக்கு வேறு கெட்ட பழக்கம் கிடையாது. மற்ற ஊர்களில் புறா வளர்ப்பார்கள், சாராயம் குடிப்பார்கள். இங்கே உருளைக்கிழங்குக்குக் கல்யாணம் செய்து வைப்பார்கள். ஜூன் மாதத்தில் ஒரு செடியின் பூந்தூளைத் தூரிகையில் எடுத்து இன்னொரு செடியின் பூவில் வைத்து, காய் வந்தால் விதை எடுத்து, அடுத்த ஆண்டு ஆயிரம் நாற்று வளர்த்து, அதில் தொள்ளாயிரத்துத் தொண்ணூறைப் பன்றிக்குப் போடுவார்கள். மிச்சம் பத்தையும் அடுத்த பத்து வருடத்தில் பன்றிக்குப் போடுவார்கள். எப்போதாவது ஒருவருக்கு ஒன்று தேறும். அதற்கு மனைவி பெயரையோ மகள் பெயரையோ வைப்பது வழக்கம். உயிரோடிருப்பவளின் பெயரை வைப்பதில் ஒரு வசதி உண்டு: குறையை ஒளிக்காமல் எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து திட்டு வாங்கிக்கொண்டால் கணக்கு தீர்ந்துவிடும். இறந்தவளின் பெயரை வைத்தவர் எங்கள் பக்கத்தில் ஊபலே ஒருவர்தான்.

ரின்ஸ்கே இருந்தவரை ஊபலேயின் கிழங்குகளுக்கு நீதிபதி அவள்தான். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அந்த வருடம் தோண்டிய, இன்னும் பெயர் வைக்காத நம்பர்களை ஒவ்வொன்றாக அவித்து அவள் முன் வைப்பார். உப்பில்லை, வெண்ணெய் இல்லை, குழம்பு இல்லை. முள்கரண்டியின் முதுகால் கிழங்கைப் பிளப்பாள். ஆவி போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகக் கடலணையைப் பார்ப்பாள். அணையில் ஆடு மேயும். அதைத் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை. பிறகு கரண்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “இல்ல” என்பாள்.

பதினாறு வருடத்தில் வேறு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

பதினேழாவது வருடம், நவம்பர் மாதம், நாற்பத்தாறாம் ஆண்டுக் கலப்பில் பதினேழாம் நம்பரை வைத்தார். பிளந்தாள், ஆவியைப் பார்த்தாள், வாயில் போட்டாள், அணையைப் பார்த்தாள். வார்த்தைக்கு முன்னால் இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே போய்ப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. எங்கள் வீடுகளில் நிலவறைக்கு மேலே நாலு படி ஏறினால் ஒரு சின்ன அறை, அதில் சுவருக்குள் அடங்கிய கட்டில். கீழே கிழங்கு உறங்கும், மேலே மனிதர் உறங்குவார். அங்கேதான் கிடந்தாள்.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஊபலே கேட்டார்: “அந்தப் பதினேழாம் நம்பரு… எப்படி இருந்துச்சு?”

“நாளைக்குச் சொல்றேன்” என்றாள், கண்ணைத் திறக்காமல்.

மறுநாள் கேட்டார். நாளைக்கு என்றாள். இப்படி நாளைக்கு நாளைக்கு என்று ஜனவரி பன்னிரண்டுவரை வந்தது. பதின்மூன்றாம் தேதிக்கு அவள் இல்லை.

இறுதிச் சடங்கில் ஒரு தவறு நடந்தது. அதை எழுதாமல் இந்தக் கிழங்கின் குணம் யாருக்கும் புரியாது. எங்கள் ஊரில் பெட்டியைத் தேவாலயத்தைச் சுற்றி மூன்று முறை தூக்கி வந்த பிறகுதான் குழிக்குக் கொண்டுபோவோம். ஏன் என்று போதகரைக் கேட்டால் அது வேதத்தில் இல்லை என்பார். அவருடைய சொந்த அப்பாவின் பெட்டியையும் அப்படிச் சுற்றித்தான் கொண்டுபோனார்கள். தூக்குவது பக்கத்து வீட்டுக்காரர்களின் கடமை. முன்பக்கம் இடது தோள் யெல்லே, ஊபலேயின் அடுத்த வீட்டுக்காரர். அன்று ஆலங்கட்டி மழை. மூன்றாம் சுற்றில் வடக்கு மூலையில் யெல்லேயின் மரச்செருப்பு வழுக்கிற்று. பெட்டி சாய்ந்தது, விழவில்லை. போதகர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு குழிப்பக்கம் கையைக் காட்டினார். எல்லோரும் அப்படியே திரும்பிவிட்டார்கள். இரண்டரைச் சுற்று.

யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊரில் எல்லோரும் எண்ணுவார்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்த ஊபலேக்கு மட்டும் தெரியாது என்று முடிவு செய்துகொண்டோம். பாவம், அவருக்கு இருக்கிற துக்கம் போதும் என்று காப்பி குடித்துவிட்டுக் கலைந்தோம்.

அந்த வசந்தத்தில் பதினேழாம் நம்பருக்கு ரின்ஸ்கே என்று பெயர் வைத்து வயல் சோதனைக்கு அனுப்பினார். அப்போதிருந்தே ஆரம்பித்தது.

முதலில் உறக்கம். மார்ச் மாதம் எல்லோருடைய விதைக்கிழங்கும் தட்டுகளில் முளை விட்டு நிற்கும். ரின்ஸ்கே கண்ணைத் திறக்காது. ஏப்ரலில் தோலைத் தொட்டால் நேற்றுத் தோண்டியதைப் போல இறுக்கம். மே மாதம் வேறு வழியின்றி முளை வராமலே நட்டார்கள். நட்டால் ஊரிலேயே அதிகம் காய்த்தது. நீண்ட உறக்கம் நல்ல குணம், சேமிப்புக்கு ஏற்றது என்று விவரத்தாள் சொல்லும். நிலவறைக்குள் போய்வந்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. மற்றக் கிழங்குப் பெட்டிகளுக்கு நடுவே நின்றால் கிழங்கு நாற்றம் வரும். ரின்ஸ்கே பெட்டிகளுக்கு முன்னால் நின்றால், யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பதைப் போல இருக்கும். இது அறிவியலுக்கு உட்பட்டதல்ல என்பதால் அதற்குக் கட்டம் கிடையாது.

மூன்றாம் வருடம் ஊபலே ஆக்கேயைக் கல்யாணம் செய்துகொண்டார். கிழக்கே மணல்பூமிக்காரி, வீட்டு வேலைக்கு வந்தவள். ரின்ஸ்கேயைப் பார்த்ததில்லை, அவளைப் பற்றி யாரும் அவளிடம் பேசியதுமில்லை. அடுக்களையில் மூன்று நாற்காலி. ஒன்று ஊபலேயுடையது, ஒன்று ஆக்கேயுடையது. ஜன்னலைப் பார்த்த மூன்றாவதில் ஊபலே வீட்டுக்குள் நுழைந்ததும் தொப்பியைக் கழற்றி வைப்பார். தொப்பி மாட்ட வீட்டில் ஆணி இருந்தது. ஆக்கே கேட்கவில்லை. கேட்காமல் வாழத் தெரிந்த பெண் அவள்.

கிழங்கு விஷயத்தில் மட்டும் அவளால் முடியவில்லை.

“இது வேகுறதுக்கே சம்மதிக்க மாட்டேங்குது” என்றாள் ஒரு நாள் மத்தியானம்.

“தண்ணி பத்தியிருக்காது.”

“முங்கித்தான் கெடக்கு. முக்கால் மணி நேரம் ஆச்சு. தொட்டுப் பாரு, ஊபலே. ஓரமெல்லாம் சுடுது, நடுவுல குளுந்து கெடக்கு.”

ஊபலே தொட்டுப் பார்க்கவில்லை. “களிமண்ணுக் கெழங்கு. நின்னு வேகும்” என்றார்.

“என்னையவே பாக்குது.”

“கெழங்குன்னா கண்ணு இருக்கத்தான் செய்யும்.”

“கண்ணு இருக்கறது வேற. பாக்கறது வேற.”

தட்டில் வைத்துக் கால்மணி நேரத்தில் அது சாம்பல் நிறமாக மாறிற்று. வெந்தபின் கறுப்பது கிழங்குக்கு உள்ள ஒரு சாதாரணக் குறை, மண்ணைப் பொறுத்தது. ஆனால் அன்று குழம்புக்குக் கொஞ்சம் பன்றிக்கொழுப்பு கேட்க வந்த யெல்லே தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “இந்தச் சாம்பலை எங்கயோ பாத்திருக்கேன்” என்றார். அடுத்த நொடியே எங்கே என்று நினைவு வந்துவிட்டது. ரின்ஸ்கேயின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. கொழுப்பை வாங்காமலே போனார்.

இன்னொரு நாள் யெல்லேயிடம் ஆக்கே சாதாரணமாகச் சொன்னாள்: “மூடிச் சத்தத்தைக் கேளுங்க. மத்தக் கெழங்கு கொதிச்சா படபடன்னு அடிக்கும். இது ஒரு தடவ நெறுத்தித் தட்டுது. ரெண்டாந் தடவ தட்டுது. மூணாவது பாதில நின்னுபோகுது. அப்புறம் மறுபடியும் மொதல்லேர்ந்து.”

யெல்லே காப்பிக் கோப்பையை வைத்தார். “எத்தன?”

“ரெண்டரை.”

யெல்லேக்கு அதற்கப்புறம் எட்டு நாள் அந்த வீட்டில் வேலை எதுவும் வரவில்லை.

இந்த நிலையில்தான், ஐம்பத்தெட்டாம் வருடம் ஏப்ரல் கடைசியில், பட்டியல் குழுவிலிருந்து லம்மர்ஸ் என்ற அதிகாரி வந்தார். தெற்குப் பக்கத்துக்காரர், ஒல்லி. தோல் உறைக்குள் சொந்த முள்கரண்டி வைத்திருந்தார். இன்று கையெழுத்து, இல்லையென்றால் ரின்ஸ்கே சோதனையிலிருந்தே நீக்கம். மறுபடி சேர்க்க வழியில்லை. இருபத்துமூன்று வருட உழைப்பில் ஊபலேக்குத் தேறிய ஒரே கிழங்கு அது. நிலவறையில் நாற்பது பெட்டி விதைக்கிழங்கு, கண்ணைத் திறக்காமல், முடிவுக்காகக் காத்திருந்தது.

சாட்சிக்குக் கூப்பிட்டதால் யெல்லே கதவோரம் நின்றார். உட்காரச் சொல்லவில்லை, சொன்னாலும் உட்கார்ந்திருக்க மாட்டார். லம்மர்ஸ் உபசாரத்துக்குக் காத்திருக்காமல் ஆக்கேயின் நாற்காலியில் அமர்ந்து தாளை விரித்தார்.

“கண்ணு ஆழம்னு போட்டிருக்கீங்க. சரி. கருகல் தாங்குமா?”

“எதையும் தாங்கும்” என்றார் ஊபலே.

“அடிபட்டா?”

“உள்ளுக்குள்ள கன்னிப்போகும். வெளியில காட்டிக்காது.”

யெல்லே தரையைப் பார்த்தார். லம்மர்ஸ் எழுதிக்கொண்டார்.

“கூட நடுற வகையோட ஒத்துப்போகுமா?”

“பக்கத்து வரிசைய மதிக்காது. ஆனா தொந்தரவு பண்ணாது.”

“சேமிப்புல?”

“விட்டுட்டுப் போகாது” என்றார் ஊபலே. பிறகு, “கெட்டுப் போகாது” என்று திருத்தினார். லம்மர்ஸ் இரண்டாவதை எழுதிக்கொண்டார்.

ஆக்கே கிழங்கைக் கொண்டுவந்து வைத்தாள். ஆளுக்கு ஒன்று. சட்டியில் அதற்குள் பன்னிரண்டு முறை இரண்டரை தட்டியிருந்தது. அவளுக்கு உட்கார இடமில்லை. அடுக்களையைச் சுற்றி ஒரு முறை பார்த்தாள். மூன்றாம் நாற்காலியிலிருந்த தொப்பியை எடுத்து ஊபலேயின் தலையிலேயே கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாள். மூன்று வருடத்தில் முதல் தடவை.

லம்மர்ஸ் தன் கரண்டியால் ஒரு துண்டு தின்றார். பத்தாயிரம் கிழங்கு தின்ற முகம்; அதில் எதுவும் தெரியவில்லை. “பாருங்க, ஐயா” என்றார். “வயல்ல இது தங்கம். நாடு பூரா விவசாயிங்க கேட்டுக்கிட்டிருக்காங்க. மேசைல கொஞ்சம் அப்படி இப்படித்தான். அதுக்கென்ன, மேல குழம்ப ஊத்தினா யாருக்குத் தெரியப்போகுது? ‘குறை எதுவுமில்லை’ன்னு எழுதுங்க. பாதி வகைங்க அப்படித்தான் ஏறியிருக்கு. கையெழுத்துப் போட்டீங்கன்னா அஞ்சரை மணி ரயில பிடிச்சுருவேன்.”

பேனாவை நீட்டினார். ஊபலே வாங்கினார். எழுதினால் ரின்ஸ்கேயின் பெயர் ஒவ்வொரு வயல் ஓரத்திலும் பலகையாக நிற்கும். அவளைக் குறை சொல்ல வேண்டியதும் இல்லை. ஆறு வருடமாக அவர் கேட்டதெல்லாம் இப்படி ஒரு வழியைத்தான். பேனா தாளைத் தொடும் தூரத்தில் நின்றது. அவர் தாளைப் பார்க்கவில்லை. ரின்ஸ்கே படுத்துக் கிடந்த மேலறையின் கதவைப் பார்த்தார். நாளைக்குச் சொல்கிறேன் என்றவள் இன்னும் சொல்லவில்லை.

அப்போதுதான் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. ஆக்கே முள்கரண்டியின் முதுகால் தன் கிழங்கைப் பிளந்தாள்.

எல்லோருக்கும் முன்னால் உப்பும் குழம்பும் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. ஆவி போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துண்டை வாயில் போட்டாள். தலையைத் திருப்பி ஜன்னல் வழியாகக் கடலணையைப் பார்த்தாள். அங்கே ஆடு மேய்ந்தது. யெல்லே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

ஆக்கே கரண்டியைக் கவிழ்த்து வைத்தாள். “இல்ல” என்றாள்.

யெல்லே பிற்பாடு எங்களிடம் சொன்னது இதுதான்: குரல் ஆக்கேயுடையதுதான், ஆனால் அந்த வார்த்தை அவளுடையது இல்லை.

“என்ன சொன்ன?” என்றார் ஊபலே.

“இல்லைன்னேன்.”

“ஏன்?”

ஆக்கே யோசித்தாள். “தெரியல. வாயில வந்துச்சு.” பிறகு தன் கைகளை, யாரோ இரவல் வாங்கித் திருப்பிக் கொடுத்த சாமானைப் பார்ப்பதைப் போலப் பார்த்தாள்.

ஊபலே மெதுவாக மூச்சு விட்டார். ஆறு வருடத்தில் அந்த மனிதர் சிரித்ததை நாங்கள் பார்த்ததில்லை. அன்று சிரித்தார் என்று யெல்லே சத்தியம் செய்கிறார். பேனாவை மூடி லம்மர்ஸ் பக்கம் தள்ளினார்.

“அப்ப குறைன்னு என்ன எழுதட்டும்?” என்றார் லம்மர்ஸ்.

“கெழங்குல குறையில்ல. அவளுக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்.”

“அதுக்குத் தாள்ல எடமில்லையே, ஐயா.”

“அதனாலதான் தாள எடுத்துக்கிட்டுப் போகச் சொல்றேன்.”

லம்மர்ஸ் முகத்தில் முதல் முறையாக ஏதோ தெரிந்தது, பசியாக இருக்கலாம். கரண்டியைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டு ரயிலுக்குப் போனார். நாடு பூரா விவசாயிகள் இழந்தது என்னவென்று நாடு பூரா விவசாயிகளுக்கு இன்றுவரை தெரியாது.

ஊபலே அன்றே வண்டியைக் கட்டினார். “யெல்லே, கை குடு. எல்லாத்தையும் ஏத்தணும்.”

முப்பத்தொன்பது பெட்டி ஏற்றினார்கள். ஒன்றை ஆக்கே கீழேயே நிறுத்திக்கொண்டாள், எதற்கென்று சொல்லாமல். பன்றிக் கொட்டில் தோட்டத்துக்குப் பின்னால் இருந்தது. ஊபலே குதிரையைத் தெருப்பக்கம் திருப்பினார்.

“பன்னி இந்தப் பக்கம்” என்றார் யெல்லே.

“தேவாலயத்துக்குப் போறோம்.”

“எதுக்கு?”

“வடக்கு மூலைலேர்ந்து ஆரம்பிக்கணும். அங்கதானே நீ வழுக்கின.”

யெல்லே வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஒனக்குத் தெரியுமா?”

“பொண்டாட்டி பெட்டிக்குப் பின்னால நடந்தவன் நான். எண்ண மாட்டேனா?”

“ஆறு வருஷமா ஒரு வார்த்த சொல்லல.”

“நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். கொழுப்பு வாங்கத்தான் வந்த.”

மாலை ஆறு மணிக்கு வண்டி தேவாலயத்தின் வடக்கு மூலைக்கு வந்தது. ஜன்னல்களுக்குப் பின்னால் ஊர் முழுவதும் நின்று பார்த்தது. யாரும் வெளியே வரவில்லை, அது மரியாதை. யெல்லே மரச்செருப்பைக் கழற்றிப் புல்லில் வைத்தார். கம்பளிக் காலுறையோடு முன்பக்கம் இடது புறம் போய் நின்று வண்டிக் கம்பைத் தோளில் தாங்கிக்கொண்டார். குதிரை இழுக்கும் வண்டிக்கு அது தேவையில்லை. ஊபலே பின்னால் தலையைக் குனிந்து நடந்தார். மழையில்லை. வடக்கு மூலையிலிருந்து கிழக்காக, மணிக்கூண்டைத் தாண்டி, வாசல்வரை. அரைச் சுற்று. பெட்டிகள் ஒன்றோடொன்று உரசிய சத்தம் வாசலில் வந்து நின்றது. யெல்லே காலுறை நனையக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “சரி” என்றார். ஊபலே, “சரி” என்றார்.

பிறகு பன்றிகள் தின்றன. அவை கருத்து எதுவும் சொல்லவில்லை.

அடுத்த ஆறு வருடமும் ஊபலே தூரிகையோடுதான் திரிந்தார். இலையுதிர்காலத்தில் புது நம்பர்களை அவித்து ஜன்னலைப் பார்த்த நாற்காலியின் முன் வைப்பார். ஆக்கே, “இல்ல” என்பாள், இப்போது முழுக்கத் தன் குரலில். தொப்பி ஆணிக்குப் போய்விட்டது.

ஆனால் எழுத வேண்டியது அந்த ஒரு பெட்டியைப் பற்றி. வண்டி தேவாலயத்துக்குப் போய்வந்த மூன்றாம் நாள் காலை ஆக்கே நிலவறைக்கு இறங்கினாள். மேலே வந்து, காப்பி குடித்துக்கொண்டிருந்த ஊபலேயின் எதிரில் நின்று கையைத் துடைத்தாள்.

“முளைச்சிருச்சு” என்றாள். “எல்லாக் கண்ணும். இம்புட்டு நீளம். அத்தனையும் கதவுப் பக்கமே திரும்பி நிக்குது.”

ஊபலே கோப்பையைக் கீழே வைத்தார்.

“தெறந்து விட்டுரு” என்றார்.

“விட்டுட்டுத்தான் வந்தேன்” என்றாள் ஆக்கே.